காப்பிரி: ஒரு பெயரின் வரலாறு



நுரைச்சோலை என்றதும் இன்று பலருக்கு நினைவில் எழுவது 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அனல் மின்நிலையமும் அதன் உயர்ந்த புகைபோக்கியுமே. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலில் குடியிருக்கும் எங்களுக்கோ இக்கரையின் அடையாளங்கள் வேறு. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. வடக்கே சென்றால் தலவில புனித அன்னம்மாள் தேவாலயம். அதற்கும் அப்பால் 1667ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டை. தெற்கே வந்து பாலாவிச் சந்தியால் திரும்பினால் புத்தளம் நகரம். அந்நகரத்துக்கு அயலில் சிராம்பியடி என்றொரு சிற்றூர் உண்டு. ஆபிரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களை நாம் காப்பிரியர் என்கிறோம். அவர்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

கிறிஸ்தவ சமயம், குடியேற்ற ஆட்சி, இனம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்கின என்பது இன்று உலகப் பல்கலைக்கழகங்களிலே சமய ஆய்வாளர்கள் பெரிதும் விவாதிக்கும் விடயமாகும். அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களையும் கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களையும் வைத்தே பெரும்பாலும் அவர்கள் பேசுகிறார்கள். அந்த விவாதத்துக்கு வேண்டிய சான்று எங்கள் புத்தளக் கரையிலும் இருக்கிறது. அதுவும் ஒரே ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் என்ற வகையில் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

காப்பிரி என்பது தமிழ்ச் சொல்லன்று. அதன் மூலம் 'காஃபிர்' என்ற அரபுச் சொல். மூடுதல், மறைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். உண்மையை மூடி மறுப்பவன், அதாவது இறைநம்பிக்கை அற்றவன் என்பது சமய வழக்கில் அதற்கு ஏற்பட்ட பொருள். அதிலே தோலின் நிறம் இல்லை. முடியின் சுருள் இல்லை. பிறந்த நாடும் இல்லை. இன்று ஒருவர் காஃபிராக இருப்பார்; நாளை அவர் இஸ்லாத்தைத் தழுவினால் அந்தப் பெயர் அவரை விட்டு நீங்கிவிடும். மாற்றிக்கொள்ளக்கூடிய நிலை ஒன்றின் பெயர் அது.

கிழக்கு ஆபிரிக்கக் கரையோரம் வாணிகம் செய்த அராபியர், அங்கே இஸ்லாத்தைத் தழுவாதிருந்த உள்நாட்டு மக்களை இச்சொல்லால் குறித்தனர். 1498ஆம் ஆண்டில் வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் மொசாம்பிக் கரையை அடைந்தன. அதன் பின்னர் அங்கே நிலைகொண்ட போர்த்துக்கேயர், அராபியர் வாயிலிருந்து இச்சொல்லைப் பெற்று 'கஃப்ரே' ஆக்கிக்கொண்டனர். ஒல்லாந்தர் அதையே 'கஃபர்' என்றனர். ஆங்கிலேயர் 'கஃபிர்' என்றனர். தமிழர் காப்பிரி என்றோம். வேடிக்கை யாதெனில், இஸ்லாமியரின் பார்வையில் போர்த்துக்கேயரும் காஃபிர்களே. தங்களுக்கும் பொருந்தக்கூடிய ஒரு பெயரைத் தங்களுக்குக் கீழ்ப்பட்டவர்களாகத் தாங்கள் கருதிய மக்களுக்கு அவர்கள் சூட்டினார்கள். அந்த இடமாற்றத்தில் சமயப் பொருள் கழன்று விழுந்தது. கறுப்பு நிறத்தவர் என்ற பொருள் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆபிரிக்கர் இக்கரைக்கு வந்தது போர்த்துக்கேயரோடு மாத்திரந்தான் என்று எண்ணிவிடலாகாது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா என்ற மொரோக்கோ நாட்டு யாத்திரிகர், 'பத்தாலா' என்ற பட்டினத்தில் கரையிறங்கியதாகவும் அங்கே ஆரியச் சக்கரவர்த்தி தம்மை வரவேற்றதாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தாலாவைப் புத்தளம் என்றே ஆய்வாளர் பலரும் கொள்வர். அதே யாத்திரிகர் கொழும்பைப் பற்றிக் கூறும்போது, கடலுக்கு அதிபதியாக அங்கிருந்த ஒருவரிடம் ஐந்நூறு அளவில் அபிசீனியர் இருந்தனர் என்கிறார். அபிசீனியர் என்பது நாட்டால் வந்த பெயர். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடலோடி வந்த ஆபிரிக்கர் பதினான்காம் நூற்றாண்டில் நாட்டின் பெயரால் அறியப்பட்டார்கள். பின்னர் விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டவர்களுக்கோ நாட்டின் பெயர் கிடைக்கவில்லை. மறுப்பவன் என்ற பெயரே கிடைத்தது.

இந்த மாற்றத்துக்கு ஐரோப்பாவிலே சட்ட அடிப்படை முன்னரே இடப்பட்டிருந்தது. 1452இலும் 1455இலும் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் போர்த்துக்கல் மன்னருக்கு அளித்த ஆணைகள் இரண்டு உண்டு. சரசேனியரையும் அஞ்ஞானிகளையும் கிறிஸ்துவை ஏற்காத ஏனையோரையும் வென்று நிரந்தர அடிமைகளாக்கிக்கொள்ள அவை அனுமதி வழங்கின. அடிமையாக்கலாம் என்பதற்கு அங்கே கூறப்பட்ட நியாயம் நிறமன்று, சமயம். நம்பாதவனாகையால் அவனைப் பிடிக்கலாம். பிடித்து ஞானஸ்நானம் கொடுத்தால் அவன் ஆன்மா ஈடேறும் என்பது அக்கால வாதம்.

அவ்வாறாயின் ஒரு கேள்வி எழுகிறது. நம்பாமை காரணமாக அடிமையாக்கப்பட்டவன் ஞானஸ்நானம் பெற்று நம்பிக்கை உடையவனாகிவிட்டால் அவனை விடுவிக்க வேண்டும் அல்லவா?

விடுவிக்கவில்லை. கப்பலில் ஏற்றும் முன்னரோ இறக்கிய பின்னரோ ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. கிறிஸ்தவப் பெயர் சூட்டப்பட்டது. சிலுவை அடையாளம் இடக் கற்பிக்கப்பட்டது. ஆயினும் விலங்கு கழற்றப்படவில்லை. சமயத்தைக் காரணம் காட்டி ஆரம்பித்த அடிமைமுறை, அந்தக் காரணம் நீங்கிய பின்னரும் நிலைத்திருக்க வேண்டுமானால் அதற்கு வேறொரு காரணம் தேவை. ஞானஸ்நான நீரால் கழுவ முடியாத காரணமாக அது இருக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் இனம். விவிலியத்தின் ஆதியாகமத்தில் நோவா தன் பேரன் கானானைச் சபித்த கதை இருக்கிறது. கானானின் தந்தை காம் என்பவனின் சந்ததியார் ஆபிரிக்கர். எனவே அவர்கள் அடிமைகளாகவே பிறந்தவர்கள் என்று ஐரோப்பியக் கிறிஸ்தவர் பலர் அக்கதைக்குப் பொருள் விரித்தனர். கதையிலோ கறுப்பு நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

காப்பிரி என்ற சொல்லின் விந்தை இங்கேதான் இருக்கிறது. நம்பாதவன் என்று பெயரிட்டார்கள், நம்பச் செய்தார்கள், நம்பிய பின்னும் நம்பாதவன் என்றே அழைத்தார்கள். சிராம்பியடியில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்க மூதாட்டி ஒருவரைக் காப்பிரிப் பெண் என்று நாம் கூறும்போது, நம்பிக்கையற்ற நம்பிக்கையாளர் என்றல்லவா கூறுகிறோம்! அந்த முரண்பாட்டுக்குள் நானூறு ஆண்டுக் குடியேற்ற வரலாறு அடங்கியிருக்கிறது.

போர்த்துக்கேயர் ஆபிரிக்கரை இலங்கையிலே போர்வீரராகவும் ஏவலராகவும் பயன்படுத்தினர். பின்வந்த ஒல்லாந்தர் கோட்டை வேலைகளிலும் வீட்டு வேலைகளிலும் அடிமைகளை ஈடுபடுத்தினர். அவர்களுள் ஆபிரிக்கரும் இருந்தனர், இந்தியரும் கீழைத் தீவுகளைச் சேர்ந்தோரும் இருந்தனர். கொழும்பில் நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் பகுதிக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு. தமிழ்ப் பெயர் முதலாளியை நினைவுபடுத்துகிறது; ஆங்கிலப் பெயர் அடிமையை நினைவுபடுத்தியது.

இங்கே என் சமயத்தவருக்கு ஒரு வார்த்தை. போர்த்துக்கேயர் என்றதும் இந்துக்களாகிய எங்களுக்கு முன்னேஸ்வரம் நினைவுக்கு வருகிறது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கோயில் இடிக்கப்பட்டதை இந்தப் பிரதேசத்து இந்துக்கள் மறந்ததில்லை; மறக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த நினைவு, ஒரே கப்பலில் வந்தவர் எல்லாரும் ஒன்றே என்று எண்ணச் செய்துவிடக்கூடாது. மேல்தட்டில் வந்தவர் வேறு. அடித்தட்டில் கட்டுண்டு வந்தவர் வேறு. பறங்கியும் காப்பிரியும் ஒரே மொழி பேசினர், ஒரே சிலுவையை வணங்கினர் என்பதற்காக இருவர் நிலையும் ஒன்றாகிவிடாது. அடித்தட்டில் வந்தவருக்கும் ஆபிரிக்காவிலே ஒரு தெய்வமும் ஒரு வழிபாடும் இருந்திருக்கும். அவை பற்றி இன்று அவர் சந்ததியாரிடம் பெயரளவிலும் எஞ்சவில்லை. எங்கள் முன்னேஸ்வரம் மீண்டும் எழுந்தது, அவர்களுடையது எழவில்லை.

திருச்சபைக்குள்ளும் இனம் புகுந்திருந்தது என்பதற்கு இக்கரையோடு தொடர்புடைய இன்னொரு சான்று புனித யோசவ் வாஸ் அடிகளார். கோவாவில் பிறந்த கொங்கணிப் பிராமணர் அவர். ஐரோப்பியத் துறவற சபைகள் அக்காலத்தில் இந்தியரைச் சேர்த்துக்கொள்வது அரிது. ஆகவே கோவாவின் சுதேச குருமார் ஒன்றுகூடி ஓரற்றோரியன் சபையை அமைத்தனர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்று 1658இல் ஆணையிட்டிருந்த காலம் அது. 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அடிகளார், 1690இல் கண்டி மன்னரின் ஆள்புலத்தில் இருந்த புத்தளத்துக்கு வந்து பணிசெய்தார். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஐரோப்பியத் துறவிகளின் நிறவேற்றுமைக்கு மாற்றாக எழுந்த அந்தக் கோவாச் சபையிலும் நெடுங்காலம் பிராமண வமிசத்தவருக்கே இடம் இருந்தது. நிறம் நின்ற வாசலில் சாதி நின்றது. இதைச் சொல்வதால் அடிகளாரின் தியாகம் குறைந்துவிடாது. ஒரு நல்ல மனிதரைச் சுற்றியும் இந்த வேலிகள் எத்தனை நெருக்கமாக இருந்தன என்பதையே அது காட்டுகிறது.

இனி ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். 1798 முதல் 1805 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த பிரெடரிக் நோர்த், கோவாவில் விலைக்கு வாங்கப்பட்ட ஆபிரிக்கரைக் கொண்டு படையணி அமைத்தார். பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது 1807இல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. இவ்வாறு உருவான காப்பிரிப் படையினர் கண்டிப் போர்களிலே ஈடுபடுத்தப்பட்டனர். அவர்கள் தங்களுக்குப் பகைவரல்லாத ஒரு மக்களோடு, தங்களை விலைக்கு வாங்கியவர்களுக்காகப் போர் செய்தார்கள். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1860களில் புத்தளத்தில் நிலைகொண்டிருந்த காப்பிரிப் படைவீரர் சேவையிலிருந்து விலக்கப்பட்டபோது, நகரத்துக்கு அயலிலே செல்லன்கண்டல் என்ற இடத்தில் அவர்களுக்குக் காணி வழங்கப்பட்டது. சிராம்பியடி மக்களின் வரலாறு அங்கிருந்து தொடர்கிறது.

படை கலைந்த சில ஆண்டுகளில் ஆங்கிலேயர் இன்னொரு கருவியை இந்நாட்டில் இறக்கினர். அதுதான் குடிசன மதிப்பீடு. 1871இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட முதலாவது மதிப்பீட்டில் 24 இனங்கள் குறிக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் கழித்து, 1881இல், அவை ஏழாகச் சுருங்கின: ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ஏனையோர். பத்து ஆண்டுகளில் நாட்டு மக்கள் எவரும் பதினேழு இனங்களை அழித்துவிடவில்லை. எண்ணுகிறவரின் கோடுகள்தாம் மாறின. சிறிய கூட்டங்கள் 'ஏனையோர்' என்ற கடைசிப் பெட்டிக்குள் போடப்பட்டன. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இலங்கைச் செட்டி, பரதர் ஆகியோருக்குத் தனி இடம் இருந்தது. காப்பிரியருக்கு இருக்கவில்லை.

இந்தக் கோடுகள் காப்பிரியரை மாத்திரம் தொட்டன என்று எண்ணவேண்டாம். இக்கரையில் வாழும் நம் எல்லாருடைய பெயர்களிலும் அவை படிந்திருக்கின்றன.

முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் 'மௌரோ' என்றனர். வட ஆபிரிக்காவின் முஸ்லிம்களோடு தாங்கள் நடத்திய போர்களின் நினைவில் அப்பெயரை இங்குள்ளோருக்கும் இட்டனர். சமயம் பற்றி வந்த அந்தப் பெயர் ஆங்கிலேயரின் பதிவேட்டில் 'மூர்' என்ற இனப்பெயராயிற்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டுக் கட்டுரை ஒன்று படித்தார். அதை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூல் எழுதினார். இருவரும் கற்றோர், இருவரும் தத்தம் சமூகத்தின் மீது பற்றுடையோர். சட்டநிரூபண சபையிலே யாருக்கு எத்தனை ஆசனம் என்பதை ஆட்சியாளர் இனக்கணக்கில் தீர்மானித்தமையால், அறிஞரும் அந்தக் கணக்கிலேயே வாதிட நேர்ந்தது. அந்த வாதத்தின் கசப்பு இன்னும் முற்றாகத் தீரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் எங்கள் நுரைச்சோலைக்கும் வந்து ஓலைக் கொட்டில்களில் தங்கியதை என் தலைமுறையினர் கண்டோம். அவர்கள் பேசியது நாம் பேசும் அதே தமிழ்.

கத்தோலிக்கரின் கதை வேறு விதம். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் ஊடாகப் புத்தளம் வரை கடற்கரையோரக் கத்தோலிக்கர் பலர் தமிழ் பேசியவர்கள். சிலாபம் மறைமாவட்டத்தில் 1940 முதல் 1972 வரை ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை, தமிழும் சிங்களமும் கற்ற அறிஞர். அவர் காலத்தில் இவர்களுடைய பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமாகத் திரும்பியது. இரண்டு தலைமுறையில் பேரப்பிள்ளைகள் சிங்களவர் ஆயினர். பாட்டி தமிழில் செபித்தார். பேத்தி சிங்களத்தில் செபிக்கிறாள். இருவரும் தலவில அன்னம்மாளையே வேண்டுகிறார்கள். இரத்தத்தில் இருப்பது, மாறாதது என்று நாம் நம்பும் இனம், வகுப்பறையின் கரும்பலகையில் மாறிவிட்டது. மொழி மாறியதும் பதிவேட்டில் இனமும் மாறியது. காப்பிரியருக்கோ சமயம் மாறியது, மொழியும் மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. அவர்களுடைய பெயர் நாவில் இல்லை, தோலில் எழுதப்பட்டிருந்தது என்பதே காரணம்.

நேயர்களே, மொழியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இலங்கையின் கரையோரங்களில் நெடுங்காலம் வழங்கிய கலப்புப் போர்த்துக்கேயம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலும் அது அழியவில்லை. அவர்கள் வீட்டு அடுக்களைகளிலேயே அது வளர்ந்தது. 1819இல் கொழும்பு வெஸ்லியன் மிஷன் அச்சகம் அம்மொழிக்கு ஓர் அகராதி வெளியிட்டது. 1900இல் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவும் மொழியியலாளருமான செபஸ்தியான் ரொடொல்ஃபோ தல்காடோ அதுபற்றித் தனிநூல் எழுதினார். சிராம்பியடி மூதாதையரின் தாய்மொழி அதுவே. நம் தமிழும் அந்த மொழிக் குடும்பத்துக்குக் கடன்பட்டது. கதிரை, மேசை, அலுமாரி, பாண், குசினி, சப்பாத்து, துவாய், லேஞ்சி என்று ஒரு நாளின் காலைப்பொழுதுக்குள் நாம் எத்தனை போர்த்துக்கேயச் சொற்களை உச்சரித்துவிடுகிறோம்! அம்மொழியைப் பேசிவந்த காப்பிரியரின் பிள்ளைகளோ இன்று வீட்டில் பேசுவது சிங்களம். போர்த்துக்கேயம் பாட்டிலே மட்டும் எஞ்சியிருக்கிறது.

அந்தப் பாட்டுக்கு மாஞ்சா என்று பெயர். மேளத்தோடு தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் கரண்டியும் தாளக் கருவிகளாகும். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏறும். பாடுவோரிற் பலருக்குச் சொற்களின் முழுப்பொருள் தெரியாது. ஆனால் சொற்கள் தவறுவதில்லை. மந்திரத்தை மனனம் செய்யும் மரபில் வந்த நமக்கு இது புதுமையன்று. பொருள் போன பின்னும் ஒலியைக் காப்பது, என்றாவது ஒருநாள் பொருள் கேட்க யாராவது வருவார் என்ற நம்பிக்கையில் செய்யும் செயல்.

இந்த இசை ஊருக்குள் அடங்கியும் இருந்துவிடவில்லை. இலங்கை முழுதும் ஆடிப்பாடும் பைலாவும், அதற்கு முந்திய கஃப்ரிஞ்ஞாவும் போர்த்துக்கேயர் காலக் கலப்பில் முளைத்தவை. கஃப்ரிஞ்ஞா என்ற சொல்லே 'கஃப்ரே' என்பதன் செல்ல வடிவம்; சின்னக் காப்பிரி என்று பொருள்படும். நம் ஈழத்துப் பொப்பிசைக்கும் அந்தத் தாளம் வந்து சேர்ந்தது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஒலிக்கக் கேட்டுக் காலால் தாளம் போடாத தமிழன் இருக்கிறானா? யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டிலும் சென்னைத் திரையரங்கிலும் அந்தத் தாளத்தை நாம் மகிழ்ந்து ஏற்றோம். அந்தத் தாளத்தைத் தந்தவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் நாம் அறியவில்லை.

வெளியிலிருந்து வந்தவர்கள் அறிய முயன்றிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய உத்தியோகத்தர் ஹியூ நெவில் சேகரித்த கையெழுத்துப் படிகள் லண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன; அவற்றுள் காப்பிரியர் பாட்டுகளும் உண்டு. பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கர் இந்த வாய்மொழி மரபு பற்றி 1990இல் நூல் வெளியிட்டார். லண்டனில் வாழும் இலங்கையரான கலாநிதி ஷிஹான் டி சில்வா ஜயசூரிய பல ஆண்டுகளாக இம்மக்களை ஆராய்ந்து எழுதி வருகிறார். கரையோரக் கத்தோலிக்கர் பற்றி மானிடவியலாளர் ஆர். எல். ஸ்டிரட் 1992இல் எழுதிய நூலும் இத்துறையில் முக்கியமானது. இவர்களுக்கெல்லாம் நாம் நன்றியுடையோம். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆபிரிக்காவைத் தேடி வருபவர் ஆபிரிக்காவை மட்டுமே காணும் ஆபத்து இருக்கிறது. முடியைப் பார்த்து, மேளத்தைக் கேட்டு, படம் பிடித்துச் செல்வது எளிது. அந்த வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குத் தொழில் கிடைக்குமா, பாட்டிக்கு மருந்து வாங்கப் பணமுண்டா என்பன ஆய்வேட்டின் பொருளடக்கத்தில் வருவதில்லை. பழைய ஆட்சியாளர் இழிவு கருதி இனம் பார்த்தனர். இன்றைய ஆர்வலர் வியப்பினால் இனம் பார்க்கின்றனர். பார்க்கப்படுபவருக்கு வேறுபாடு சிறிதே.

வெளியாரைக் கூறிவிட்டு நம்மை விட்டுவிடலாகாது. ஈழத் தமிழர் வாயில் காப்பிரி என்பது 'காப்பிலி' என்றும் திரிந்து வழங்குகிறது. பாடசாலை முற்றத்தில் நிறம் கறுத்த, முடி சுருண்ட பிள்ளையைக் கேலி செய்ய அச்சொல் போதும். புலம்பெயர்ந்த நாடுகளிலே, தங்களைப் போலவே நிறவெறிக்கு ஆளாகும் ஆபிரிக்க வமிசத்தவரைக் குறிக்கவும் நம்மவர் சிலர் அதையே கூசாமல் சொல்கின்றனர். தென்னாபிரிக்காவில் இச்சொல் கொடிய வசை. 2018ஆம் ஆண்டில், பொலிஸாரை இச்சொல்லால் ஏசியமைக்காக ஒருவருக்குச் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. சிராம்பியடியிலோ இச்சொல்லைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டு, அதிலே தம் முன்னோரின் நினைவைக் காண்கிறார்கள். ஆகவே சொல்லைத் தடைசெய்வது பற்றி நான் பேசவில்லை. ஒருவர் தம்மைத் தாம் அழைக்கும் பெயராக அது இருக்கும்போது அதற்கொரு மானம் உண்டு. அதையே பிறர் மீது நாம் எறியும்போது, 1452ஆம் ஆண்டின் ஆணையில் தொடங்கிய வேலையை நம் கையால் தொடர்கிறோம். தமிழர் எவரும் அடிமைக்கப்பல் ஓட்டவில்லை என்பது உண்மையாகலாம். ஆனால் அக்கப்பலில் வந்த இழிசொல்லை இறக்கி நம் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

2023 மார்ச்சில் வத்திக்கான், அந்தப் பழைய ஆணைகள் மனிதரின் சமமான மாண்பைப் போதிய அளவில் பிரதிபலிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, அவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு எழுந்த கோட்பாட்டை நிராகரித்தது. ஐந்நூற்று எழுபது ஆண்டுகள் கழித்தாவது சொல்லப்பட்ட வார்த்தை அது. தமிழிலே நாம் சொல்லவேண்டிய வார்த்தையும் செய்யவேண்டிய பணியும் இன்னும் இருக்கின்றன. கற்பிட்டியில் பிறந்து 1834இல் இலங்கை வர்த்தமானி நூலையும் 1859இல் தமிழ்ப் புலவர் சரிதத்தையும் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி முதலாக, இப்பிரதேசத்தின் தமிழறிஞரை வரிசைப்படுத்துகிறோம். முஸ்லிம் புலவரையும் கத்தோலிக்க நாடகக்காரரையும் இந்துக் கூத்தரையும் சேர்த்துப் புத்தளத்தின் கலை வரலாறு பேசுகிறோம். அந்த வரலாற்றில் மாஞ்சாவுக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். சிராம்பியடிப் பெரியவர்களின் வாயிலிருந்து அந்தப் பாட்டுகளைக் கேட்டு, ஒலி பிசகாமல் தமிழ் எழுத்திலும் சிங்கள எழுத்திலும் எழுதி, பொருள் விளக்கத்தோடு அவர்கள் பிள்ளைகளின் கையிலேயே கொடுக்கவேண்டும். லண்டன் நூலகத்தில் இருப்பது நல்லதே. புத்தளம் நகரத்துப் பாடசாலை நூலகத்தில் இருப்பது அதனினும் நல்லது.

நம்பாதவர் என்று பெயரிடப்பட்ட அந்த மக்கள் தமக்கு அளிக்கப்பட்ட சமயத்தை நம்பினார்கள். தமக்கு அளிக்கப்பட்ட மொழியைப் பாட்டாக்கிக் காத்தார்கள். தமக்கு அளிக்கப்பட்ட ஊரைத் தம்முடையது ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் நம்மோடு ஒரே களப்பின் காற்றைச் சுவாசிப்பவர்கள். அடுத்த முறை அகராதியில் காப்பிரி என்ற சொல்லைக் காணும் ஆசிரியர்கள், அதற்கு எதிரே ஆபிரிக்க இனத்தான் என்ற பொருளோடு நின்றுவிடாமல், நம் அயலவர் என்ற பொருளையும் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுகிறேன்.